இன்று பொறுப்பு

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. என்ன செய்வது, ஆள் அமைந்தபடிதானே கதை சொல்ல முடியும்.

குருவின் பெயர் பியூலா. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் அறை அவர் பொறுப்பு. சீடர் ஆவுடையப்பன், அதே ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் எலெக்ட்ரீஷியன். கரண்ட் வேலை முழுவதையும் வெளியாட்களிடம் ஒப்படைத்தபோது மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இவரை மட்டும் பியூலாவின் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். ஒரு வருடம் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். பயிற்சி வருடத்தின் கடைசியில், முப்பதாம் தேதிக்குள் நிரந்தர உத்தரவு வர வேண்டும். வராவிட்டால் வீடு. ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு வேலை கொடுக்க எந்த வாசலிலும் மாலையோடு யாரும் நிற்கப் போவதில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஆவுடையப்பனுக்கு ஒரு பெருமை உண்டு. மெயினை அணைக்காமலே வேலை பார்ப்பார். லைன் ஓடிக்கொண்டிருக்கும், இவர் கை உள்ளே போகும், வரும். மெயினை அணைத்துவிட்டு வேலை பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். நெட்வொர்க் அறைக்கு வந்த பிறகும் அதை அவர் எடுக்கவில்லை, எடுங்கள் என்று பியூலாவும் சொல்லவில்லை.

அறையில் இரும்புச் சட்டத்தில் மூன்று ஸ்விட்ச் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. வார்டு, லேப், மருந்தகம், ரத்த வங்கி என்று ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டர் வயரும் வந்து சேரும் இடம் அதுதான். பின்பக்கம் தடித்த கேபிளால் மூன்றையும் வளையமாகக் கோத்திருந்தார்கள்.

"மூணு இருக்கு. ஆனா வெளிய இருந்து பாத்தா ஒரே பெட்டி, அண்ணாச்சி" என்றார் பியூலா, முதல் நாள். "ஒண்ணு தலைமை. அதுக்குள்ள எழுதி வச்சிருக்கறபடிதான் மத்ததும் நடக்கும். தலைமை செத்துட்டா அடுத்தது எடுத்துக்கும்."

"நம்ம வீட்டுல அப்படி எடுத்துக்க ஆளில்ல மேடம்."

பியூலா சிரித்தார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

நான்காவது பெட்டி வந்தது ஆறாம் மாதம். வேறொரு ஊர்க் கிளையில் இருந்தது, எல்லாவற்றையும் அழித்துச் சுத்தமாக அனுப்பியிருந்தார்கள். பியூலா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் வந்ததும் மாட்டலாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆவுடையப்பனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியைச் சட்டத்தில் ஏற்றினார். கரண்ட் கொடுத்தார். விளக்கு பச்சையாக வந்தது. ஓடுகிற லைனில் கை வைத்துப் பழகியவர், ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் கேபிளை, ஓடிக்கொண்டிருந்த மூன்றோடு கோத்தார்.

சட்டென்று மூன்றும் அணைந்தன.

மறுபடி எரிந்தன. ஆனால் எரிந்தது வேறு எதுவோ. வார்டு எது, லேப் எது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை. போன் ஒலிக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு எல்லாம். ஆவுடையப்பன் கேபிளைப் பிடுங்கினார், மாட்டினார், டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரிந்தது. கரண்ட் இருக்கிறது, வேறெதுவும் இல்லை.

கதவைத் திறந்து வெளியே பார்த்தார். படியில் மரியபுஷ்பம் நர்ஸ் ஓடிவந்துகொண்டிருந்தாள். பிரசவ வார்டிலிருந்து ரத்த வங்கிக்கு, நாலு மாடி. ஒரு கையில் சீட்டு, மறு கையில் கழற்றிய செருப்பு. "வழியில நிக்காதீங்க அண்ணாச்சி" என்று கத்திக்கொண்டே கடந்து போனாள்.

பியூலா வந்து, பிரதி எடுத்து வைத்திருந்த எழுத்தையெல்லாம் திரும்ப ஏற்றி, பெட்டிகளை நிமிர்த்த நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடத்தில் யாரும் சாகவில்லை. அதற்குக் காரணம் மரியபுஷ்பத்தின் கால்கள்தான், ஆவுடையப்பனின் கை அல்ல. அவர் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

யார் செய்தது என்று நிர்வாகம் எழுதிக் கேட்டது. 'நெட்வொர்க் அறை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார் பியூலா. மெமோ அவர் பெயருக்கு வந்தது.

மாலையில் ஆவுடையப்பன் நாற்காலியில் உட்காராமல் நின்றே கேட்டார்.

"மேடம், அது வெத்துப் பெட்டி. உள்ள ஒரு எழுத்துகூட இல்ல. அது எப்படித் தலைமை ஆச்சு?"

"ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர் போடலாம் அண்ணாச்சி. ஒண்ணுல இருந்து பதினஞ்சு வரைக்கும். ரெண்டு கூட்டம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே சந்திச்சா, பெரிய நம்பர்தான் தலைமை. தோத்தது அணைஞ்சு எரிஞ்சு, ஜெயிச்சது சொல்றதை எழுதிக்கும். நம்ம மூணுக்கும் நம்பர் போடாம விட்டது என் தப்பு. அது அங்க தலைவரா இருந்த பெட்டி. உள்ள இருந்ததை எல்லாம் அழிச்சவங்க பதினஞ்சை மட்டும் அழிக்கல."

"அணைச்சுக் கோத்திருந்தா?"

"பேசாம வந்து வரிசையில உக்காந்திருக்கும். இருக்கறவங்க சொல்றதை முதல்ல கேட்டுக்கும்."

ஆவுடையப்பன் கொஞ்ச நேரம் பெட்டிகளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது. தன் மேல் வந்த கோபம்தான், ஆனால் இறக்கி வைக்க இடம் இல்லாமல் பெட்டிகள் மேல் இறங்கியது.

"அஞ்சு வருசமா ஓடுத பெட்டிங்க மேடம். எந்த வார்டு எங்க இருக்குன்னு அத்தனையும் அதுங்களுக்குத் தெரியும். நேத்து வந்த ஒண்ணு, ஒண்ணுமே தெரியாம, நான் பதினஞ்சுங்குது. உடனே மூணும் தனக்குத் தெரிஞ்சதை அழிச்சுக்கிடுது. மூணுல ஒண்ணு கூடவா மாட்டேன்னு சொல்லாது?"

பியூலா எழுந்து போய், சுவரில் இருந்த வெள்ளைப் பலகைக்கு முன் நின்றார். அதில் 'இன்று பொறுப்பு' என்று எழுதி, கீழே எப்போதும் பியூலா என்றே இருக்கும். அதை அழித்து 'ஆவுடையப்பன்' என்று எழுதினார்.

"மேடம், இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியையே அணைச்சிருக்கேன்."

"அதான்."

அன்றிலிருந்து ஒரு நாள் அவர், ஒரு நாள் இவர். பலகையில் யார் பெயரோ அவர் சொல்வதுதான் அன்று அறையில் நடக்கும். குருவும் கேட்டுத்தான் செய்வார்.

இது ஆவுடையப்பனுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது. இருபத்தாறு வருடமும் மேலே இருப்பவர்களிடம் சரி, சரி, சரி என்று சொல்லியே வாய் பழகியவர். கரண்டுக்குப் பயப்படாத ஆள், நாற்காலிக்குப் பயப்படுவார்.

"அண்ணாச்சி, இந்தக் கேபிளைக் கழட்டட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டார் பியூலா.

"எங்கிட்ட என்னத்துக்கு மேடம் கேக்கிய? உங்களுக்குத் தெரியாததா? கழட்டுங்க."

கழற்றினார். ஐந்து நிமிடத்தில் கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்றார். டோக்கன் மெஷின் செத்துவிட்டது, வடை ஆறுகிறது, வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது என்று ஒரு பாட்டம் தீர்த்தார்.

"அண்ணாச்சிதான் கழட்டச் சொன்னாங்க" என்றார் பியூலா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

மாஸ்டர் அதன் பிறகு ஒரு வாரம் ஆவுடையப்பனுக்கு ஆறிய வடைதான் வைத்தார்.

பத்து நாள் கழித்து அதே கேள்வி. "கழட்டட்டுமா?" ஆவுடையப்பன் இம்முறை கேபிளின் நுனியைத் தேடிப் பிடித்து, ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, நோட்டைப் புரட்டினார். குரு கை நீட்டியபடியே நின்றார். கால் மணி நேரம்.

"வேண்டாம் மேடம். எக்ஸ்ரே."

பியூலா கையை எடுத்துக்கொண்டார். "சரிங்க அண்ணாச்சி" என்றார். அந்த 'சரிங்க' ஆவுடையப்பன் காதில் நாள் முழுக்க இனித்தது. மேலே இருக்கும் ஒருவரிடம் வேண்டாம் என்று சொல்லி, கூரை இடிந்து விழாமல் நின்றதை அவர் அன்றுதான் முதல் தடவை பார்த்தார்.

ஐந்தாவது பெட்டி வந்தது, வருடம் முடிய நான்கு நாள் இருக்கும்போது. இருபத்தாறாம் தேதி.

ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறப்பு. நிர்வாக அதிகாரி தீனதயாளன் சென்னையிலிருந்து வந்து இரண்டே மாதம் ஆகியிருந்தது. வந்த நாள் முதல் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். திறப்பு விழாவுக்குப் பெரிய திரை, பாட்டு, படம் எல்லாம் ஏற்பாடு. அதற்காக ஐந்தாவது பெட்டியை அவருடைய ஆட்கள் முந்தின நாளே கொண்டுவந்து, சட்டத்தில் நான்குக்கும் மேலே ஏற்றி, தனியாக ஓடவிட்டிருந்தார்கள். திரை, ஒலிபெருக்கி எல்லாம் அதன் தயவில்.

காலை பத்தரைக்கு தீனதயாளன் அறைக்கு வந்தார். பியூலா ரத்த வங்கியில் ஒரு கோளாறு பார்க்கப் போயிருந்தார். பலகையில் ஆவுடையப்பன் பெயர்.

"இந்த அஞ்சாவதை மத்ததோட சேருங்க. பதினோரு மணிக்கு சீஃப் கெஸ்ட் டேப்லெட்ல தொட்டு முதல் டோக்கன் போடப் போறார். அது நம்ம சிஸ்டத்துக்கு வரணும்."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். நேற்றே அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து நோட்டில் குறித்துவைத்திருந்தார். நம்பர் பதினைந்து. போன தடவை பட்ட பிறகு பியூலா இங்கே தலைமைக்குப் போட்டதும் பதினைந்துதான்.

"அணைச்சுட்டுச் சேக்கணும் சார். பத்து நிமிசம் ஆகும்."

"அணைச்சா திரை போயிடும். கூட்டம் உட்கார்ந்தாச்சு, படம் ஓடிட்டு இருக்கு. ஓடும்போதே சொருகுங்க. கேபிள்தானே?"

"ஓடும்போது சொருகினா ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா அணையும் சார். அது தோத்தா உங்க திரை போகும். இது தோத்தா ஆஸ்பத்திரி போகும்."

"எது தோக்கும்?"

"அதை அதுங்கதான் முடிவு பண்ணும். நாம பண்ண முடியாது."

தீனதயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க எலெக்ட்ரீஷியன்தானே? லைன் ஓடும்போதே வேலை பார்ப்பீங்கன்னு சொன்னாங்க. அந்தத் தைரியம் எங்க போச்சு?"

இது சரியான இடத்தில் குத்தியது. ஆவுடையப்பன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் டெஸ்டரைத் தொட்டது. கேபிள் மேஜை மேல்தான் கிடந்தது. சொருகினால் பாதிக்குப் பாதி ஒன்றும் ஆகாது. திரை கொஞ்ச நேரம் கருக்கும், அதிகாரி ஏசுவார், அவ்வளவுதான். முப்பதாம் தேதி கையெழுத்து கிடைத்துவிடும். மறு பாதியில் என்ன ஆகும்? மரியபுஷ்பம் இப்போது பிரசவ வார்டில்தான் இருக்கிறாள். இன்றைக்கும் செருப்பைக் கழற்றுவாளா, கழற்ற நேரம் இருக்குமா?

"நான் சொருக மாட்டேன் சார்" என்றார்.

குரல் நடுங்கியது. அதனால் இன்னொரு தடவை, நடுங்காமல் சொன்னார். "சொருக மாட்டேன்."

தீனதயாளனுக்கு முகம் சிவந்தது. "உங்க உத்தரவு என் மேஜையில இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

அந்த நேரத்தில்தான் பியூலா உள்ளே வந்தார். தீனதயாளன் அவர் பக்கம் திரும்பினார்.

"நல்ல வேளை வந்தீங்க. நீங்கதானே ஹெட்? இந்த ஆள் முடியாதுங்கறார். நீங்க சேருங்க."

பியூலா ஐந்து பெட்டிகளையும் ஒரு தடவை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். மேஜையில் கிடந்த கேபிளைக் கையில் எடுத்தார்.

"அண்ணாச்சி, சேக்கட்டுமா?"

கேன்டீன் கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட அதே குரல். அதே நீட்டிய கை.

"வேண்டாம் மேடம்" என்றார் ஆவுடையப்பன்.

பியூலா கேபிளைச் சுருட்டி மேஜை டிராயரில் போட்டு மூடினார். "வேண்டாமாம் சார்" என்றார்.

"என்ன விளையாட்டு இது? அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர்!"

"நேத்து வரைக்கும் சார். இன்னைக்கு நான் அவருக்குக் கீழ." பலகையைக் காட்டினார்.

தீனதயாளன் பலகையைப் பார்க்கவில்லை. டிராயரை நோக்கி ஒரு எட்டு வைத்தார். ஆவுடையப்பன் நடுவில் வந்து நின்றார். தள்ளவில்லை, கை ஓங்கவில்லை, நின்றார். ஓடுகிற லைனுக்கு முன்னால் நிற்கத் தெரிந்த உடம்பு, அது நன்றாகவே நின்றது.

"நகருங்க."

"பத்து நிமிசம் அணைக்கச் சொல்லுங்க, நகருதேன் சார்."

வெளியே பாட்டு கேட்டது. கூட்டம் கைதட்டியது. சீஃப் கெஸ்ட் கார் வந்துவிட்டது போலிருக்கிறது. தீனதயாளன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரையும் கவனிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்துகொண்டு போனார்.

முதல் டோக்கனை வரவேற்பறையில் இருந்த ஒருத்தி பேனாவால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சீஃப் கெஸ்ட் அதை உயர்த்திக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். தாளா டேப்லெட்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. திரையும் அணையவில்லை, ஆஸ்பத்திரியும் அணையவில்லை. பிரசவ வார்டில் இரண்டு குழந்தைகள் பிறந்தன.

மதியம் இரண்டு மணிக்குப் பந்தலைப் பிரித்தார்கள். ஆவுடையப்பன் ஐந்தாவது பெட்டியின் முன் போய் நின்றார். இருபத்தாறு வருடம் மெயினை அணைக்காத கையால் அதை அணைத்தார். பழைய சீட்டின் மேல் 'ஐந்து' என்று எழுதிய புதுச் சீட்டு ஒட்டினார். கேபிளைக் கோத்தார். வளையம் முழுசாகச் சேர்ந்ததா என்று இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். கடைசியாகக் கரண்ட் கொடுத்தார். கீழே இருந்த நான்கும் சிமிட்டக்கூட இல்லை. ஐந்தாவது எழுந்து, கொஞ்சம் யோசித்து, ஐந்தாவதாகவே உட்கார்ந்தது.

"நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார் பியூலா. அவர் யாரையும் சுலபத்தில் மெச்சுகிறவர் இல்லை.

மூன்று மணிக்குக் கவர் வந்தது. இரண்டு கவர். பியூலாவுக்கு ஒரு மெமோ. ஆவுடையப்பனுக்கு ஒரே பத்தி. பயிற்சிக் காலம் திருப்தியாக இல்லை. முப்பதாம் தேதியோடு பணி முடிகிறது. கீழே தீனதயாளன் கையெழுத்து, பெரிதாக.

ஆவுடையப்பன் இரண்டு தடவை படித்தார். மடித்து டெஸ்டர் இருந்த பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு யோசனை வந்தது, அதைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தார். செய்ததைத் திரும்பச் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வார். அது மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது, ஆனால் அதைக் கொண்டுபோய் எந்த வாசலில் காட்டுவது?

பியூலா தன் மெமோவைப் படித்து, அதே மேஜை டிராயரில் போட்டார். பிறகு பலகைக்குப் போனார். மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கு முறை எழுதிவைப்பது அறையின் வழக்கம். எழுதத் தொடங்கினார். ஒன்றாம் தேதி, ஆவுடையப்பன். இரண்டு, பியூலா. மூன்று, ஆவுடையப்பன்.

"மேடம்."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். ஐந்து, ஆவுடையப்பன்.

"மேடம், முப்பதோட நான் கிடையாது. அதிகாரி கையெழுத்துப் போட்டாச்சு. எம்பேரை அழிச்சிருங்க."

பியூலா திரும்பினார்.

"ஆறு மாசம் முன்னாடி ஒரு கேள்வி கேட்டீங்களே அண்ணாச்சி. மூணு பெட்டி இருந்துச்சே, ஒண்ணு கூடவா மாட்டேன்னு சொல்லாதுன்னு."

"ஆமா. நீங்க பதில் சொல்லல."

"பெட்டிக்கு அது தெரியாது."

மார்க்கரின் மூடியைப் போட்டு அழுத்தினார். பலகையில் இருந்த பெயரைத் தொடவில்லை.

"இன்னைக்கு நீங்க மாட்டேன்னு சொன்னீங்க. ஒண்ணாந்தேதி அதைச் சொல்றது என் முறை."